இடப்பக்கத்துப் புள்ளிகள்

மார்ச் 4, செவ்வாய்

தம்பியை மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்து பதினோரு நாள். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்ததாம். கை கால் தப்பித்தது, பேச்சு தப்பித்தது. போனது எது என்பதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு விளங்கவைக்கத்தான் முடியவில்லை.

இன்று காலை நான் அவன் வீட்டுக்குப் போனபோது, தட்டில் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டான். அவன் மனைவி தட்டைத் திருப்பி வைத்தாள். மிச்சத்தையும் சாப்பிட்டான்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் இடப்பக்கத்தைக் கண்டுக்க மாட்டேங்குது. சிலருக்குச் சரியாகும்," என்றார் டாக்டர்.

பத்தொன்பது வருடமாக பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸின் கதவு இடப்பக்கம்.

மார்ச் 7, வெள்ளி

பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். திரை முழுக்கக் கண் ஓடுகிற மாதிரி ஏதாவது தினமும் விளையாடவேண்டுமாம். "உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று கேட்டாள். தம்பி யோசிக்கவே இல்லை. "எலி ஆட்டம்."

பழைய வீடியோ கேம். சந்து சந்தாக ஒரு கட்டம், சந்தெல்லாம் புள்ளிகள். எலி அத்தனையையும் தின்னவேண்டும். நான்கு பூனைகள் துரத்தும். நான்கு மூலையிலும் ஒவ்வொரு பெரிய புள்ளி. அதைத் தின்றால் எட்டு வினாடிக்கு எலி பெரிதாகிவிடும், பூனைகள் சுருங்கி ஓடும். பழைய ஆட்டங்களை டிவியில் போடும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தேன்.

"நீங்க நிருபராமே, நோட்டு எழுதுறது நீங்கதான்," என்றாள் அந்தப் பெண். நாளுக்கு மூன்று ஆட்டம். அதில் சிறந்த எண்ணிக்கை, கட்டத்தின் இடப்பக்கம் தின்னாமல் விட்ட புள்ளிகள். இரண்டே பத்தி. இதில் என்ன தவறிவிடப் போகிறது?

மார்ச் 9, ஞாயிறு

1,340. இடப்பக்கம் 62 மிச்சம், அதாவது ஒன்றைக்கூடத் தொடவில்லை. இடப்பக்கத்திலிருந்து பூனை வந்து கவ்வும்போதெல்லாம், "எங்கிருந்துடா வந்துச்சு இது? பொட்டி ஏமாத்துது, கடையில திருப்பிக் குடு," என்கிறான்.

மார்ச் 13, வியாழன்

1,410. இடப்பக்கம் 58. முகம் மழித்துக்கொண்டான் — ஒரு கன்னம் மட்டும்.

மார்ச் 21, வெள்ளி

3,260. இடப்பக்கம் 23!

இடது கீழ் மூலைக்குப் போய்ப் பெரிய புள்ளியைத் தின்று, திரும்பிப் பூனைகளை விரட்டினான். மூன்றைப் பிடித்தான். வாய்விட்டுச் சிரித்தான். அவன் மனைவி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அழுதிருக்கிறாள்.

மார்ச் 28, வெள்ளி

7,900. இடப்பக்கம் 0. முதல் கட்டம் முழுதும் முடித்துவிட்டான்.

டிப்போவிலிருந்து போன் வந்தது. ஏப்ரல் 9 மருத்துவக் குழு. ஓட்டலாமா கூடாதா என்று அன்றைக்கே சொல்லிவிடுவார்களாம். டாக்டரின் பரிசோதனை இரண்டுங்கெட்டானாக இருக்கிறது: ஒரு பக்கம் விரல் காட்டினால் சரியாகச் சொல்கிறான், இரண்டு பக்கமும் காட்டினால் சில சமயம் இடது விரலை விட்டுவிடுகிறான். "உங்க நோட்டுதான் சார் காப்பாத்தப் போகுது," என்றாள் பயிற்சிப் பெண்.

"கேட்டியா அண்ணா? முப்பத்தோரு வருஷமா நீ எழுதினதுல இதுதான் உருப்படி," என்றான் தம்பி.

ஏப்ரல் 1, செவ்வாய்

9,120. இடப்பக்கம் 0.

மாலையில் தெருமுனை வரை நடந்தோம். இடப்பக்கம் நிறுத்தியிருந்த சைக்கிளில் நேராகப் போய் முட்டிக்கொண்டான். முழங்காலில் சிராய்ப்பு. "எவன்டா இங்க நிறுத்தினது?" என்று கத்தினான்.

நோட்டில் இதற்குப் பத்தி இல்லை. எழுதவில்லை.

ஏப்ரல் 5, சனி

இதை நிதானமாக எழுதவேண்டும்.

காலை பத்தரை மணி. தம்பி இரண்டாவது ஆட்டத்தில் இருந்தான். அவன் மனைவி துவைத்த துணிகளைக் கொண்டுவந்து, டிவிக்கு முன்னால் நின்றபடியே மடிக்க ஆரம்பித்தாள். திரையின் இடப்பாதியை முழுக்க மறைத்து நின்றாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

யாராக இருந்தாலும் "தள்ளு" என்று கத்தியிருப்பார்கள். தம்பி கத்தவில்லை. எலி அவளுக்குப் பின்னால் போனது. அவன் விரல்கள் நிற்கவில்லை, உதடு லேசாக அசைந்தது. எலி உயிரோடு வெளியே வந்தது. அவள் விலகியபோது பார்த்தேன் — இடப்பக்கம் ஒரு புள்ளி மிச்சமில்லை.

அவள் அங்கே நின்றதே அவனுக்குத் தெரியாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்றே ஞாபகம் வந்திருக்கவேண்டும். அவன் பள்ளியில் படித்த காலத்தில், வாடகை சைக்கிள் கடையின் பின்னறையில் இந்த ஆட்டத்தின் மிஷின் இருந்தது. இந்தப் பூனைகள் தன்னிஷ்டத்துக்கு ஓடுவதில்லை. எலி அதே திருப்பங்களில் திரும்பினால் அவையும் அதே வழியில்தான் வரும். தம்பி எல்லாத் திருப்பத்தையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பான்: மேல, எடது, எடது, கீழ... மூன்று வாரமாக அவனுக்குத் திரும்பி வந்தது அந்த வாய்ப்பாடு. இடப்பக்கம் வரவே இல்லை.

பெட்டியில், தனியாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் வரும் இரண்டாவது கட்டம் ஒன்று இருக்கிறது. அவன் ஆடாதது. போட்டேன்.

1,280. அந்தக் கட்டத்தில் இடப்பக்கம் 60. தின்னாதது 60.

"கட்டம் புதுசு, அதான்," என்றான்.

"இன்னொரு தடவை ஆடு."

1,190. இடப்பக்கம் 60. அவன் ரிமோட்டைக் கீழே வைத்தான். "ஒரு மாசமா எழுதினது நீதானே? இப்ப பொய்ங்கிறியா?"

"எண்ணெல்லாம் உண்மைதான்டா."

"அப்புறம் என்ன?"

சொன்னேன். மனப்பாடம், துணி மடித்தது, சைக்கிள், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தான். "தெரிஞ்சுதான் அந்த ஆட்டத்தைக் கேட்டேன்னு நினைக்கிறியா?" என்றான். இல்லை என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது அவன் மனைவி வாசல் வரை வந்தாள். "மாமா, நோட்டை இருக்குறபடியே குடுங்க. மிச்சத்தை அவங்க கண்டுபிடிச்சுக்கட்டும். பஸ் இல்லன்னா இந்த மனுஷன் என்னாவாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்.

ஏப்ரல் 7, திங்கள்

எழுதவில்லை. சனி, ஞாயிறு நடந்ததை, நோட்டில்.

'ஓட்டுநர் கவனிக்கவில்லை என்று கூறப்படுகிறது.' இந்த வரியை எத்தனை பஸ் விபத்துச் செய்தியில் எழுதியிருப்பேன்? எழுதிவிட்டு எழுந்து போய் டீ குடித்திருக்கிறேன். படியில் கால் வைத்தவர்கள் எப்போதும் இடப்பக்கத்தில்தானே நிற்கிறார்கள். என்னால முடியலையே, கடவுளே. இவன் என் தம்பி.

ஏப்ரல் 8, செவ்வாய்

நோட்டின் கடைசியில் ஒரு பக்கம் சேர்த்தேன். தேதி, நேரம், யார் எங்கே நின்றார்கள், இரண்டாவது கட்டத்தின் எண்கள், சைக்கிள். அபிப்பிராயம் எதுவும் எழுதவில்லை. மதியம் பயிற்சிப் பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ஏப்ரல் 9, புதன்

ஓட்டக் கூடாது. ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி பார்ப்பார்களாம். டாக்டர் அதிகம் நம்பிக்கை தரவில்லை.

குழு அறையிலிருந்து வெளியே வந்து, தாழ்வாரத்தில் தம்பி கேட்டான்: "நீ எனக்கு அண்ணனா, பத்திரிகையா?"

 பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

போனேன். தட்டைத் திருப்பி வைப்பதை நிறுத்தியிருக்கிறாள் அவன் மனைவி. அவனே விரலால் தட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்துச் சாப்பிடவேண்டுமாம். பயிற்சிப் பெண் சொன்னதாம். என்னிடம் யாரும் பேசவில்லை.

மே 4, ஞாயிறு

போனேன். டிவி அணைந்தே கிடந்தது. பெட்டிமேல் தூசி.

மே 18, ஞாயிறு

நாளையிலிருந்து தம்பிக்கு டிப்போவில் வேலை, பஸ்களின் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் அறையில். அதை அவன் மனைவிதான் சொன்னாள். டீயும் கொடுத்தாள்.

அவன் எலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். வலப்பக்க நாற்காலியில் இஸ்திரி போட்ட சட்டைகள். காலியாக இருந்தது இடப்பக்க நாற்காலிதான். உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்னைப் பார்க்காமலிருக்க அவன் மெனக்கெட வேண்டியதில்லை.

திரையில் இரண்டாவது கட்டம். எலி வலப்பக்கத்தைத் துப்புரவாகத் தின்று முடித்து, நடுச்சந்தில் மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தது.

"அங்க இருக்கியா?" என்றான். தலையைத் திருப்பவில்லை.

"இருக்கேன்."

"எத்தனை மிச்சம்?"

எண்ணினேன். "முழுசா இருக்கு. அறுபது."

கொஞ்சநேரம் எலியை நகர்த்தாமல் இருந்தான். பூனை வந்து கவ்வியது. மறுபடி முதலிலிருந்து போட்டான்.

"வழி சொல்லு," என்றான்.