ஒரு நூல் வுடு

மாசி மாத ஞாயிறு, காலை ஆறே கால் மணி. கழற்றியது நான்கு போல்ட், இரண்டு குழாய், ஒரு பம்ப்.

அக்கா, உன் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். மேல் குழாயை அவிழ்த்ததும் ஸ்டீயரிங் ஆயில் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் போனது. கருகிய வெல்லப்பாகு மாதிரி ஒரு வாடை. சேலைக்கு மேல் நீ போட்டுக்கொள்வாயே, மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, அதில் எப்போதும் இருந்த அதே வாடை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. ஸ்பானரை நெஞ்சின் மேல் வைத்துவிட்டு அப்படியே கிடந்தேன். வேலை நடுவில் சும்மா கிடக்கிற ஆள் நானில்லை, உனக்குத் தெரியும். இன்றைக்குக் கிடந்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசியில் நீ காய்ச்சலில் போனதிலிருந்து லாரி மாமல்லபுரத்தில் உங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. பக்கத்துப் பட்டறைக் கல்தூளெல்லாம் அதன் மேல்தான். மாமா துடைக்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் ஏறி ஸ்டார்ட் செய்து திருப்பிப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. ஒரு காலத்தில் இதே லாரியை ஓட்டியவர்தான். உளி பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு பாதி போன பிறகுதானே நீ ஸ்டீயரிங்கைப் பிடித்தாய். எனக்குப் போன் செய்தார். "மச்சான், உங்க அக்கா வண்டி எனுக்குத் திரும்ப மாட்டேன்னுது. வித்துடலாம்" என்றார். அவர் சொன்ன விதத்தைக் கேட்டால் லாரியைப் பற்றிச் சொன்ன மாதிரி இல்லை.

ஆனால் அச்சரப்பாக்கம் கோயிலுக்கு நந்தியைக் கொண்டுவந்து இறக்குவதாக நீ வாக்குக் கொடுத்திருந்தாய். நந்தி முடிந்துவிட்டது, மாமா செதுக்கியதுதான். நாளை ஏற்ற வேண்டும். அது வாடகை லாரியில் போனால் அதே வாரம் உன் லாரியும் போய்விடும். புரோக்கர் ஏற்கெனவே வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். லேசாக்கிக் கொடுத்தால் ஓட்டுவீர்களா என்று மாமாவைக் கேட்டேன். "அவ சீட்டுல நானா?" என்றார். அப்புறம், "செய்யி. ஓட்றேன்" என்றார்.

அதனால்தான் புதுப் பம்பைப் பையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து இருட்டோடு பைக்கில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, இந்த மணலில் படுத்துக் கிடக்கிறேன்.

பழைய பம்பைக் கையில் வாங்கியதும் கப்ளிங்கைப் பார்த்தேன். இன்ஜினின் சுழற்சியைப் பம்புக்குக் கொடுக்கிற சின்னப் பல் துண்டு அது. அதில் பல்லே இல்லை. கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. புதிதாக உடைந்திருந்தால் முனை கூராக இருக்கும். இது தேய்ந்து தேய்ந்து மெருகேறி, மேலே கரி பிடித்துக் கிடந்தது. நின்ற வண்டியில் எதுவும் தேயாது. அப்படியென்றால் நீ ஓட்டிக்கொண்டிருந்தபோதே பம்ப் செத்துவிட்டது, அக்கா. அதற்கப்புறமும் பல மாதம் நீ ஓட்டியிருக்கிறாய்.

நம்பவில்லை. வெளியே வந்து, உன் சீட்டில் ஏறி, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். நகரவில்லை. எழுந்து நின்று, கதவில் முதுகை முட்டுக்கொடுத்துத் திருப்பினேன். தோளில் ஏதோ சொடுக்கியது. கண்ணாடியில் தொங்கிய உன் ஜெபமாலை மட்டும் கொஞ்சம் ஆடியது. சக்கரம் அப்படியே நின்றது. இத்தனைக்கும் வண்டி காலி. நீ இதில் கல் ஏற்றிப் போனவள்.

ஆபீசில் நாள் முழுக்க ஸ்டீயரிங்தான் வரைகிறேன். முன் அச்சின் பாரத்துக்கு என் திரையில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை இன்றுவரை கையால் தொட்டதில்லை. இன்று தொட்டேன்.

கீழே இறங்கி மாமாவிடம் கப்ளிங்கைக் காட்டினேன். அவர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார், கல்லைப் பார்க்கிற மாதிரியே. "கை வலிக்குதுன்னு சொல்லிகினே இருந்தா. சப்பாத்தி மாவு கூட நான்தான் பெசைவேன்" என்றார். வேறு பக்கம் திரும்பி ஜாக்கியைத் துடைத்தார். அதைத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்போதுதான் கோவளம் ஞாபகம் வந்தது. போன ஆடி மாதம், ஏதோ ஹோட்டலுக்குக் கல்தொட்டி இறக்கப் போனோம். கடற்கரைச் சந்து, ஒரு பக்கம் படகு, மறுபக்கம் பள்ளிவாசல் சுவர். நின்ற இடத்திலேயே ஒடித்துத் திருப்பு என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். நீ கேட்கவில்லை. வண்டியை ஊர்ந்து நகரவிட்டு, நகரும்போது கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, பின்னால் ஊரவிட்டு, மறுபடி கொஞ்சம் திருப்பி... பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, மீன்கூடையோடு நின்ற பெண்கள் சிரிக்கிறார்கள், எனக்கு மானம் போகிறது. "என்னக்கா, கோலமா போடுற?" என்றேன். நீ நெற்றி வேர்வையைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "மொதல்ல ஒரு நூல் நகரட்டும்டா. நகந்துதுன்னா அதுவே திரும்பும்."

உருளும் சக்கரத்தைத் திருப்பச் சிறு பலம் போதும். நிற்கும் சக்கரத்துக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். என் பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீ செத்த பம்போடு கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க ஓடியிருக்கிறாய். பம்ப் போனது உனக்குத் தெரியுமா, அல்லது வண்டிக்கு வயசாகிறது என்று நினைத்தாயா? தெரியவில்லை. இனிமேல் தெரியப்போவதும் இல்லை. தெரிந்தே என்னிடம் சொல்லாமல் விட்டாய் என்றும் ஒரு சந்தேகம். சொன்னால் லீவு போட்டு வந்து வண்டியைப் பிரித்துப் போட்டு, நாள் பூராவும் லெக்சர் அடிப்பேன் இல்லையா.

அந்த நூல் என் பேச்சில் ஆரம்பித்ததுதான், ஞாபகம் இருக்கிறதா? நான் காலேஜில் சேர்ந்த புதிது. நீ பட்டறை வாசலில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாய். பம்ப் ஊளையிட்டது. அப்படிப் பிடித்தால் ஆயில் கொதித்துப் பம்ப் சாகும், முட்டியதும் இரண்டு டிகிரி பின்னால் விடு என்றேன்.

"டிகிரி நீ வாங்கிக்கோ. எனுக்குப் புரியற மாதிரி இன்னான்னு சொல்லு" என்றாய்.

மாமா கல்லிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஒரு நூல்னு சொல்லு மச்சான், புரியும்" என்றார். கல்வேலையில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். சிற்பி வீட்டுக்காரிக்கு அதைவிடச் சின்ன அளவு எதற்கு?

அதற்கப்புறம் அந்த வார்த்தையை நீ எங்கேதான் விடவில்லை? அம்மாவும் சித்தியும் பேசாமல் இருந்தபோது, "முட்டிகினு நிக்காதீங்க, ஒரு நூல் வுடுங்க" என்றாய். மேனேஜரோடு சண்டை போட்டு ராஜினாமா எழுதிக்கொண்டு வந்து நின்ற என்னிடமும் அதைத்தான் சொன்னாய். நான் ஆயிலுக்குச் சொன்னதை நீ ஆளுக்கெல்லாம் சொன்னாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் ராஜினாமாவைக் கொடுக்கவில்லை.

இன்று கேள். புதுக் கப்ளிங்கோடு வந்த பம்பைப் பொருத்தப் போனேன். உட்காரவில்லை. இன்ஜின் முகத்துக்கும் பம்புக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. மாமா கீழேயிருந்து பம்பைத் தாங்கிப் பிடித்திருந்தார், அந்தப் பாதி மணிக்கட்டால். நான் போல்டை முறுக்கி இழுத்து உட்காரவைக்கப் பார்த்தேன். அது தப்பு என்று எனக்கே தெரியும். போல்ட் பிடிக்கிற காது வார்ப்பிரும்பு, விரிசல் விட்டால் பம்ப் குப்பைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று கிடைக்காது. திங்கட்கிழமை வாடகை லாரிதான். தெரிந்தும் முறுக்கினேன். இரும்பு முனகியது.

"முட்டுது மச்சான்," என்றார் மாமா. "ஒரு நூல் வுடு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று இருவருக்கும் உறைத்தது. நீ போனதிலிருந்து அதை அவர் வாயில் நான் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் போல்டைத் தளர்த்தினேன். பம்பை வெளியே இழுத்து, தண்டை விரலால் துளி சுற்றி, மறுபடி நீட்டினேன். பல்லும் பள்ளமும் ஒன்றையொன்று கண்டுகொண்டு, சொத்தென்று உள்ளே போய் உட்கார்ந்தது. எந்தப் பலமும் தேவைப்படவில்லை.

அப்புறம் முன்சக்கரத்தைத் தூக்கி, ஆயில் ஊற்றி, இன்ஜின் போடாமலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பினோம். ஆயிலுக்குள்ளிருந்த காற்று நுரை நுரையாக மேலே வந்தது. நுரை அடங்கி ஆயில் சிவப்புக் கண்ணாடி மாதிரி தெளியும்வரை காத்திருந்தேன். ஆமாம், நான்தான். காத்திருந்தேன்.

ஜாக்கியை இறக்கினோம். மாமா சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தார். உன் ஜெபமாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, ஒரு விரலை ஸ்டீயரிங்கில் வைத்தார். அத்தனை பெரிய வண்டி கோழிக்குஞ்சு மாதிரி தலையைத் திருப்பியது. தேங்காய் அளவுப் பம்ப், உள்ளே ஒரு சொம்பு ஆயில். தினமும் வரைகிற எனக்கே நம்ப முடியவில்லை. அதையும்விட நம்ப முடியாதது, இது செய்கிற வேலையை அத்தனை மாதம் உன் இரண்டு கை செய்தது.

மாமா இறங்கவே இல்லை. திருப்பிக்கொண்டே இருந்தார்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை நந்தியை ஏற்றும் முன் ஆயிலை ஒருமுறை பார்ப்பேன். நுரை இருந்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

2. அச்சரப்பாக்கம் வரை மாமா பக்கத்தில் உட்கார்ந்து போவேன். வாயைத் திறக்க மாட்டேன். முயற்சி செய்கிறேன்.

3. புரோக்கர் வந்தால் மாமாவையே பேசச் சொல்வேன்.

4. உன் சட்டையை இனிமேல் யாரும் துவைக்க வேண்டாம் என்று சொல்வேன்.

5. நந்தியை இறக்கிவிட்டுக் கோயில் வாசலில் வண்டியைத் திருப்பும்போது, நின்ற இடத்தில் ஒடிக்க விடமாட்டேன். இப்போது ஒடித்தாலும் திரும்பும், ஒரு விரலுக்கே திரும்பும். இருந்தாலும் முதலில் ஒரு நூல் நகரட்டும்.