கவிழாத ஆட்சி

நியூஜெர்சி
15.10.2006

அன்புள்ள அனுப்பிரியாவுக்கு,

நான் நலம். குறிஞ்சிப்பாடியில் மழை பிடித்துவிட்டதா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

போன வாரம் ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. வேலை முடிந்து வந்து டிவியைப் போட்டேன். இந்த ஊர் ஜனாதிபதி கொண்டுவந்த மசோதாவை அவருடைய கட்சிக்காரர்களே தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி என்றே நினைத்தேன். நம் ஊர் போல ஆட்சி கவிழ்ந்தது, என் விசாவும் போனது என்று பெட்டியை அடுக்கிவிட்டேன். அறையில் கூட இருக்கும் சிதம்பரத்து ஸ்ரீதர் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அது சீரியல் மச்சான். நெசமாவே தோத்தாலும் இங்க ஜனாதிபதி நாலு வருஷம் போவ மாட்டாரு."

"சொந்தக் கட்சிக்காரனே கவுத்துட்டான். அப்பறம் எப்படிடா ஆட்சி நடக்கும்?"

"அதான் எனக்கும் புரியல."

இப்போது இருவரும் அந்த சீரியலை விடாமல் பார்க்கிறோம். குழப்பம்தான் ஜாஸ்தியாகிறது. ஆனால் அன்று பெட்டி அடுக்கும்போது, வேலை போகிறதே என்று எனக்குக் கவலையே வரவில்லை. எல்லாவற்றையும்விட அதுதான் புரியவில்லை.

கொத்சு வைப்பது எப்படி என்று எழுது. நம் பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பு. செருப்புக் கடையில் அளவு கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் போக வேண்டிய பஸ் வந்துவிட்டது, இத்துடன் நிறுத்துகிறேன்.

செம்பியன்