அழுத்திப் பிடித்த கை

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் செருப்பில் ரத்தம் தேங்கியிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். புளியங்கிளை வெட்டும்போது கத்தி தொடையில் இறங்கிவிட்டது. இப்போது போளூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பயமில்லை.

பட்டாளத்து ஹெலிகாப்டரில் ஒருவர் வழியெல்லாம் உன் குண்டுக்காயத்தை அழுத்திப் பிடித்து வந்ததால்தான் பிழைத்தாய் என்று எழுதியிருந்தாயே. நானும் தாவணியை மடித்து வைத்து அப்படியே அழுத்தினேன். ஊர்க்காரர்கள் கட்டிலோடு ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே புளி லாரி கிளம்பத் தயாராக நின்றது.

"ரத்தம் பட்டா மூட்டை இன்னாத்துக்கு ஆவும்? அந்தாண்ட போ பாப்பா" என்றான் டிரைவர்.

மகன் ரத்தத்துக்கு வானத்தில் வண்டி வரும், பெற்றவர் ரத்தம் மட்டும் அழுக்கா? அந்த மூட்டைகளில் இருந்ததே அப்பா உலுக்கிய புளிதான்.

நான் வெளியாளிடம் வாய் திறக்காதவள். அன்றும் திறக்கவில்லை. கட்டிலை லாரிக்கு நேர் முன்னால் இறக்கும்படி ஊர்க்காரர்களுக்குக் கண்ணைக் காட்டினேன். காயத்திலிருந்து கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் தங்கை