சனிக்கிழமை வாசித்த மரண அறிவிப்பு

நவம்பர் 12, 1998 – வியாழன்

கரிக்காரன் மறுபடியும் ஈரக்கரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பக்கத்து வீட்டு டிம்ப்னா, சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியில் வரும் கேலி நிகழ்ச்சியைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். அமைச்சர்களைப் பேட்டி காண்பவனே நடுநடுவே கோமாளித்தனமும் செய்கிறானாம். வட்டார வானொலியில் காலையில் மரண அறிவிப்பு வாசிக்கும் அதே குரலில், இல்லாத ஆட்களின் சாவை வாசிப்பானாம்.

"சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப் போச்சு, மிஸஸ் கன்சிடைன்."

சாவில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

நவம்பர் 15 – ஞாயிறு

காலை எட்டு மணிக்குக் கதவு தட்டினார்கள். திறந்தால் டிம்ப்னா – கறுப்புக் கோட்டு, தட்டு நிறைய ஹாம் சாண்ட்விச். பின்னால் எதிர்வீட்டு டால்டி சகோதரர்கள், செத்தவர் ஆன்மாவுக்குக் கொடுக்கும் பூசை அட்டையுடன். என்னைப் பார்த்ததும் மூன்று பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"நேத்து ராத்திரி உங்க சாவை வாசிச்சாங்களே..."

"வானொலியிலயா?"

"இல்ல. அந்த நிகழ்ச்சியில."

"அது கேலின்னு நீதானே சொன்னே?"

"பேரும் ஊரும் சரியாச் சொன்னப்புறம் எப்படிங்க வீட்லயே உட்கார்ந்திருக்கறது? வரலைன்னா நீங்கதான் கோவிச்சுக்குவீங்க."

அது உண்மை. கோபித்துக்கொண்டிருப்பேன். உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். என் சாவுக்கு வந்த சாண்ட்விச்சில் நானும் ஒன்று தின்றேன். கடுகு அதிகம்.

போகும்போது மூத்த டால்டி கேட்டான்: "செனன்ங்கறது யாருங்க? 'கில்ரஷ் ஊர் அட்ராக்டா கன்சிடைன், கணவர் ஃபின்டனுக்கும் கைக்குழந்தை செனனுக்கும் பின் இறைவனடி சேர்ந்தார்'னு வாசிச்சான்."

"எவனோ கட்டின கதை" என்றேன். கோப்பைகளை எடுப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்த்திருப்பானோ?

நவம்பர் 16 – திங்கள்

தூக்கமில்லை. ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

1956 பிப்ரவரி. ஏழாம் மாதம். குளிர்காலக் கோட்டுக்குள் வயிறு ஊருக்குத் தெரியவில்லை. உயிரில்லாமல் பிறந்தான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. ஃபின்டன் ஒரு பெட்டியில் வைத்து, இருட்டும் நேரம் கடலோர வயலுக்குக் கொண்டுபோனார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உள்ள இடம். திரும்பி வந்து காலணியைத் துடைத்தார். அதன்பின் நாங்கள் அதைப் பேசியதே இல்லை. ஊருக்கு நான் பிள்ளை பெறாதவள். மருத்துவச்சியும் போய்விட்டாள், ஃபின்டனும் போய்விட்டார்.

செனன் என்ற பெயரை மனசுக்குள்தான் வைத்தேன். ஃபின்டனிடம் சொன்னதில்லை. பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இல்லை. பின்னே யார் சொன்னது? யார்?

நவம்பர் 18 – புதன்

தொலைக்காட்சி நிலையத்துக்கு மூன்று முறை போன் செய்த பிறகு நிகழ்ச்சி நடத்துபவனே பேசினான். நினைத்ததைவிட மெல்லிய குரல்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நான் பார்த்து வாசிக்கற அட்டையில எட்டுப் பேர்தான் எழுதியிருந்தோம். எல்லாமே நாங்க கட்டிவிட்ட பேரு. நான் ஒன்பது வாசிச்சிருக்கேன். டேப்புல இருக்கு. அட்டையில இல்ல."

"யாராவது உன் காதுல சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலம்மா. அந்தப் பேர் வந்தப்ப அரங்கத்துல ஒருத்தர்கூடச் சிரிக்கல." பிறகு அவனே கேட்டான்: "உங்களுக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்தானா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாற்பத்திரண்டு வருடமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை. வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 21 – சனி

முதல் தடவையாக அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். ஒரு பாடகியைப் பேட்டி கண்டான். மரண அறிவிப்பு வாசிக்கவில்லை. அடுப்பு நன்றாக எரிந்தும் அறை முழுக்கக் குளிர். காத்திருந்தேன் – எதற்கு என்று தெரியவில்லை.

நவம்பர் 22 – ஞாயிறு

பூசை முடிந்ததும் டிம்ப்னாவின் காரில் வைத்துச் சொல்லிவிட்டேன். வரிசையாக, எதையும் விடாமல். அவள் வண்டியைக் கிளப்பவே இல்லை.

"எங்கம்மாவுக்கும் ஒண்ணு அந்த வயல்ல இருக்கு" என்றாள். "பேர் வெக்கல."

நவம்பர் 29 – ஞாயிறு

நானும் டிம்ப்னாவும் போய்க் கேட்டதால் பங்குத் தந்தை கடலோர வயலை ஆசீர்வதித்தார். நாலு பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். நாற்பது பேருக்கு மேல். எனக்குத் தெரிந்த முகங்கள்தான்; கடையில் பார்ப்பவர்கள், பூசையில் முன்வரிசைக்காரர்கள். ஒவ்வொருவராக, அங்கே புதைத்த தங்கள் பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள். முணுமுணுத்தார்கள்; காற்றில் பாதி கேட்கவில்லை.

என் முறை வந்தது. கன்னியர் மடத்துப் பள்ளியில் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னது போல நிமிர்ந்து நின்று, கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.