எரிமலையில் நல்ல மழை

6 ஜனவரி 2026, செவ்வாய்

இன்று பனி இருபத்தெட்டு சென்டிமீட்டர். காற்று மேற்கிலிருந்து. மேல் சரிவில் மாவு மாதிரிப் புதுப்பனி, சறுக்கி விளையாட அருமை.

இதை எழுதியது நான். இடம் அருப்புக்கோட்டைப் பக்கம் பாளையம்பட்டி, எங்கள் மிளகாய் வத்தல் கடைக்கு மேல் மாடி அறை. மின்விசிறி ஐந்தில் ஓடுகிறது. ஆயுசில் நான் தொட்ட பனி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான்.

வடக்கு ஜப்பானில் ஒரு எரிமலை. குளிர்காலத்தில் அதில் ஏறுகிறவர்களுக்கும் சறுக்குகிறவர்களுக்கும் நாளை மலை எப்படி இருக்கும் என்று, ஐந்து கேமராவைப் பார்த்துத் தினமும் மதியம் ஒரு மணிக்கு இங்கிலீஷில் ரிப்போர்ட் போட வேண்டும். டூர் விற்கிற கம்பெனி. மதுரை ஆபீஸில் டீம் லீடர் ஆனந்தகுமார். அவர் சொல்லிக்கொடுத்த வானிலை சாஸ்திரம் ஒரே ஒரு வரி: ஆபத்து என்று எழுதக்கூடாது, சவால் என்று எழுத வேண்டும்.

அத்தை கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் மருமக ஜப்பான்காரனுக்கே வானிலை சொல்றா" என்கிறார். "அப்ப நமக்கு எப்ப பெய்யும்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றாராம் ஒருவர்.

13 ஜனவரி

பொங்கல் வியாபாரம், கீழே ஆள் போதவில்லை. அத்தை மாடிப்படியில் நின்று ஒரு பார்வை பார்த்தார். நான் ஜப்பானை உற்றுப் பார்த்தேன். இந்த வேலை இருக்கிறவரைதான் எனக்கு இந்த அறையும், உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் உரிமையும். வேலை போனால் அடுத்த நாளே தராசு முன்னால்.

19 ஜனவரி

மலையில் மழை! பனி இல்லை, நிஜ மழை. கேமரா கண்ணாடியில் தாரை தாரையாக வழிந்தது. அத்தனை சந்தோஷம் எனக்கு. "நல்ல மழை பெய்திருக்கிறது. நாளை இனிய நாள்" என்று போட்டேன். மழை என்று அடிக்கும்போதே முன்னால் 'நல்ல' வந்து நின்றுகொண்டது. மழைக்கு வானம் பார்த்தே வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரிக்கு வேறு எப்படி வரும்?

21 ஜனவரி

நோரிகோ என்று ஒரு அம்மா. மலையடிவாரத்துக்காரர், ரிடையர்டு டீச்சர். என் ரிப்போர்ட்டுக்குக் கீழே தினமும் ஒரு வரி எழுதுவார். நேற்று காணோம். இன்று எழுதியிருந்தார்: "உங்கள் நல்ல மழை ராத்திரியில் உறைந்துவிட்டது. மலை முழுக்கக் கண்ணாடி. நாற்பது மீட்டர் சறுக்கி விழுந்தேன். இடது கையில் இரண்டு முறிவு. வலது கையால் எழுதுகிறேன்."

திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்ல?

உட்கார்ந்து தேடிப் படித்தேன். பனி மேல் மழை விழுந்து உறைந்தால், ஷூவில் மாட்டுகிற இரும்பு முள்கூடச் சரியாகப் பிடிக்காதாம். மூன்று மாதமாக ரிப்போர்ட் எழுதுகிற மகராணி இதை இன்றைக்குத்தான் படிக்கிறாள்.

ஆனந்தகுமாருக்குப் போன் போட்டேன். "அந்த கமெண்ட்ட டெலீட் பண்ணிட்டேன், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

23 ஜனவரி

நோரிகோவுக்கு மன்னிப்புக் கேட்டு மெயில். "உங்கள் ஊரில் மழை அவ்வளவு நல்லதா?" என்று பதில். என்னத்தைச் சொல்ல.

16 பிப்ரவரி

நேற்று திருச்சுழிப் பக்கம் மழை. வருசா வருசம் எங்களுக்கு வத்தல் போடுகிற குருவம்மாள், களத்தில் காயப்போட்டதெல்லாம் நனைந்து, கருத்துப்போன மூட்டையோடு வந்து நின்றார். "பேஞ்சும் கெடுக்குது, காஞ்சும் கெடுக்குது. இத எவன் வாங்குவான்?"

ஆக, கெட்ட மழை எங்கள் கடை வாசலுக்கே வருசம் தவறாமல் வந்துபோயிருக்கிறது. நான்தான் மாடியில் தாழ் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

20 பிப்ரவரி, வெள்ளி

நாளையிலிருந்து அங்கே மூன்று நாள் லீவு. உச்சிக்குப் போகப் பதினாலு பேர் பதிவு. பன்னிரண்டு மணிக்கு கேமராவைத் திறந்தால் மழை. உச்சிவரை. ராத்திரி மைனஸ் பன்னிரண்டு.

எழுதினேன்: "ஆபத்து. விடிவதற்குள் மேல் சரிவு முழுக்கப் பனிக்கட்டி ஆகிவிடும். போகாதீர்கள்."

பத்தே நிமிடத்தில் அது மாறிவிட்டது: "இறுகிய பனி. அனுபவசாலிகளுக்கு இனிய சவால்."

ஆனந்தகுமாரிடமிருந்து போன் வந்தது. "சுகப்பிரியா, நீங்க ரிப்போர்ட் எழுதுறீங்களா, கருமாதிப் பத்திரிகை எழுதுறீங்களா?"

"ஆளு செத்தாலும் நீங்க சவாலுன்னுதான போடுவீக!"

வாயில் வந்துவிட்டது. பதினாலு பேருடைய மெயிலும் கம்பெனி லிஸ்ட்டில், என் எதிரிலேயே இருக்கிறது. நேராக அனுப்பினால் வேலை போகும். அனுப்பாவிட்டால் — இந்தத் தடவை கையோடு நிற்குமா?

மணி இரண்டே முக்கால். அனுப்பிட்டேன். பதினாலு பேருக்கும்.

21 பிப்ரவரி

வேலை போச்சு. காலையில் நாலு வரி மெயில், அதில் இரண்டு எழுத்துப்பிழை.

கேமரா உலகத்துக்கே பொது, அதை மட்டும் பிடுங்க முடியவில்லை. மலை தேய்த்துவைத்த எவர்சில்வர் தாம்பாளம் மாதிரி மின்னுகிறது. ஆள் ஒருவரும் தெரியவில்லை. வரவில்லையா? விழுந்துட்டாங்களா? யாரிடம் கேட்பேன்?

22 பிப்ரவரி

பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தட்டோடு மேலே வந்த அத்தையிடம் பதினாலு பேர் கதையையும் கொட்டிவிட்டேன்.

24 பிப்ரவரி

நோரிகோ மெயில். மலை ஏறுகிறவர்கள் அடிவாரத்து நோட்டில் பெயர் எழுதிவிட்டுத்தான் போக வேண்டுமாம். கட்டுப் போட்ட கையோடு போய் அதைப் புரட்டியிருக்கிறார். பதினாலு பேரில் மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள். அவர்களும், "வழி முழுக்கப் பனிக்கட்டி, பாதியில் திரும்பினோம்" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அழுதேன். நன்றாகவே அழுதேன்.

ஆனந்தகுமாரும் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார்: "ஒண்ணுமே ஆகலையே! வீணா பதினோரு கேன்சல்." ஒன்றும் ஆகக்கூடாது என்பதற்குத்தானய்யா எழுதினேன்!

2 மார்ச், திங்கள்

தராசு முன்னால் ஆறாவது நாள். வருகிறவர்களிடம் அத்தை, "ஜப்பான்ல லீவு விட்டுருக்காக" என்று கூசாமல் அடித்துவிடுகிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசுக்குள் என்னவெல்லாம் பொருமுகிறாரோ என்று நானும் தலை நிமிரவில்லை.

இன்று கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பதினாலு பேரும் வீடு போய்ச் சேந்துட்டாகளா?"

"சேந்துட்டாங்க அத்தை."

"பெறகு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க?"