பிஷப்பின் மோதிர விரல்

வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை ஏறினால் உன் நினைவு வந்துவிடுகிறது. சித்தூர் சர்ச்சிலிருந்து பழைய பிஷப்பின் படத்தைத் துடைத்துத் தரச் சொல்லி, திருப்பதியில் என் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நீ அவருடைய அங்கி போட்டுக்கொண்டு உட்கார, நான் வரைந்த அதே படம்.

படம் வரைய வந்து உட்கார பிஷப்புக்கு நேரமில்லை. போட்டோவையும் அங்கியையும் கொடுத்தனுப்பினார். முகத்துக்குப் போட்டோ போதும், உடம்புக்கு ஒரு ஆள் வேண்டும் என்று, பாலசமுத்திரத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த என் சிநேகிதன் உன்னைக் கூப்பிட்டேன். மூன்று நாள் நாற்காலியில் அசையாமல் இருந்தாய். கரும்பு ஆட்டும் மிஷினில் மாட்டிக் கோணிப்போன உன் மோதிர விரலில், பிஷப்பின் மோதிரத்துக்குப் பதிலாக வைத்த பித்தளை வளையம் நுழையவில்லை. நூலால் கட்டிவைத்தோம்.

"மூஞ்சிதான் அவருது. கையாவது என்னுதா இருக்கட்டும்டா, கோணலோட" என்றாய். சரி என்றேன். அப்படியே வரையவும் செய்தேன்.

நீ குவைத்துக்குக் கிளம்பிய பிறகு வெளிநாட்டுப் படப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். நியோகிளாசிக்கல் என்கிற பழைய ஐரோப்பியப் பாணியில் கர்தினால்கள், பிஷப்புகள். இருண்ட பின்னணி, பட்டு மடிப்பு, பளிங்கு மாதிரிக் கைகள். ஒரு விரலிலும் குறையில்லை. உன் விரலைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் அதன்மேல் நேரான விரல் ஒன்றை வரைந்தேன்.

முதல் லீவில் வந்ததும் சித்தூருக்குக் கூட்டிப்போகச் சொன்னாய். படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாய்.

"நல்லாத்தான் கீது."

சொல்லிவிட்டு வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாய். பஸ் ஏறும்வரை வெளியே எடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் நீ. மன்னிப்புக் கேட்பதை அடுத்த லீவுக்குத் தள்ளிப்போட்டேன். அடுத்த முறை உன்னைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

எண்ணெய் வண்ணம் வருடம் போகப்போக கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் இருப்பது தெரிய ஆரம்பிக்கும். படத்தைக் கொண்டுவந்த கிளார்க், "விரலு ரெட்டையா தெரியுதுண்ணா. மறச்சிக் குட்துடு, பண்டிகைக்கு மாட்டணும்" என்றார். நேரான விரலுக்குள் உன் கோணல் விரல் நிழலாக வந்திருந்தது.

மறைக்க ஒரு பொட்டு வண்ணம் போதும். நான் கத்தி நுனியை எடுத்து, மேலே இருந்த விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். மதியத்துக்குள் உன் கோணல் விரலின் கணு வந்துவிட்டது. கிளார்க் கேட்டால், அன்றைக்கு உட்கார்ந்த ஆளுடைய கை இதுதான் என்று சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளட்டும்.

படத்தில் இருந்த கையை வெளியே கொண்டுவந்துவிட்டேன். சித்தூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நீ பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்த கையை என்னால் எடுக்க முடியவில்லை.