வண்டில் வரியும் என் பெருந்திட்டமும்

பன்னிரண்டாம் யூனிற்,
பரந்தன் தபால்,
18.11.1961

அன்புள்ள மகள் கமலாசனிக்கு அப்பா எழுதுவது.

பிள்ளையாரின் அருளால் இங்கு நாங்கள் மூவரும் சுகமாயிருக்கிறோம். சென்ற மாதம் எழுதியிருந்தால் இருவர் என்றே எழுதியிருக்க வேண்டும். பதுளைக் குளிரில் நீயும் உன் உடன் தாதிமாரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா உனக்குக் கம்பளி மேற்சட்டை பின்னுகிறா, ஒரு கை மற்றதைவிட நீளம், அதை நான் அடிமட்டத்தால் அளந்து சொன்னதால் இரண்டு நாளாக என்னுடன் கதையில்லை. தம்பி யோகநாதன் விதைப்பை முடித்துவிட்டான்.

உன் கடைசி இரு கடிதங்களிலும் வண்டிற் பிரேரணை என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய், இரண்டு முறையும் நான் நெல்லைப் பற்றி எழுதினேன். உண்மை இதுதான்: அதைத் தோற்கடித்தவன் நான். வயல் வேலைக்கென்று பதிந்த வண்டிலில் ஆளை ஏற்றினால் அதை வாடகை வண்டிலாகக் கணித்து இரட்டை வரியும் தண்டமும் அறவிட வேண்டும் என்பது எங்கள் கிராமச் சங்க விதி, அதனால் நோயாளிக்கென்று ஒருவரும் வண்டில் கட்டுவதில்லை, மாரியில் பஸ்ஸும் உள்ளே வராது. நோயாளியை ஏற்றும் வண்டிலுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று இளையதம்பி பிரேரித்தார், அவருடைய மகள் சிவனேஸ்வரிக்கு அப்போது எட்டாம் மாதம். உறுப்பினர் எண்மரும் நான்கும் நான்குமாகப் பிரிய, தலைவனாகிய என் வாக்கே தீர்க்க வேண்டியதாயிற்று. நானோ வண்டில், சைக்கிள், நாய், சந்தை என்று சில்லறையாய் வாங்கும் ஒன்பது வரிகளையும் ஒழித்து, ஏக்கருக்கு ஒரே வரி விதித்து, அதிலிருந்து அம்புலன்சும் இருபது கட்டிலுள்ள ஆசுப்பத்திரியும் நடத்தும் பெருந்திட்டத்தை நாற்பத்தொரு பந்தியில் எழுதிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுப் பதினான்கு மாதமாகப் பதில் பார்த்திருப்பவன். முழுக் கூரையும் மாற்ற வேண்டிய வீட்டில் ஒரு ஓலைக் கிடுகைச் செருகுவது அறியாமை என்று அரை மணி நேரம் பேசி எதிராக வாக்களித்தேன். பேச்சு சிறப்பாக அமைந்தது என்பது என் அபிப்பிராயம்; வேறெவரும் அவ்வாறு சொன்னதாக நினைவில்லை.

ஒக்டோபர் இருபதாந் திகதி மத்தியானம் உண்டு எழுந்தவனுக்கு விலாவில் ஒரு குத்து. அது கல்லடைப்பு என்பது பின்னர் தெரிந்தது, அப்போது தெரிந்தது கத்துவது மட்டுமே. அதைக் கேட்டு வண்டில் கட்டிக்கொண்டு வந்தவர் இளையதம்பி. வைக்கோலின் மேல் என்னைக் கிடத்தி, ஐயா கத்தாதேங்கோ, மாடு வெருளுது, இது நாப்பத்தொரு பந்தி இல்லை, ஆசுப்பத்திரிக்கு ஏழு மைல் கட்டைதான் என்று சொல்லிச் சொல்லி ஓட்டினார். சந்தியில் வரி அறவிடும் நடராசா மறித்தார். அவருக்கு விதிகளைக் கற்பித்தவன் நான், நன்றாகவே கற்பித்திருக்கிறேன். சேர்மன் ஐயா குறை நினையாதேங்கோ, ஆளேத்தினால் எழுதத்தானே வேணும் என்று மிகுந்த மரியாதையுடன் சொல்லி, ஏற்றப்பட்டவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை முதலெழுத்துடன் பிழையின்றி எழுதினார். எழுதி முடியும்வரை வண்டில் நின்றது.

நாலாம் நாள் கல் கழன்று கந்தோருக்குப் போனேன், மேசையில் இளையதம்பிக்குரிய அந்தத் தண்ட அறிவித்தல் என் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. விதி விதிதான் என்று ஒப்பமிட்டேன். அம்மா இதைக் கேட்டுவிட்டு, இஞ்சாருங்கோ, கல்லு முழுக்கக் கழரேல்லைப் போல என்றா.

அதன் பின்பே பிரேரணையை நானே கொண்டுவரத் துணிந்தேன். ஆனால் தோற்ற பிரேரணையை ஆறு மாதத்துக்கு மீண்டும் எடுக்கலாகாது என்றொரு விதி உண்டு. இயற்றியவர் யாரென்று நீ கேட்கத் தேவையில்லை. ஆறு மாதம் பொறுத்தால் மாரியும் போய்விடும், சிவனேஸ்வரியின் நாளும் போய்விடும். அவ்விதியை இடைநிறுத்த எல்லாக் கைகளும் உயர வேண்டும். ஏழு உயர்ந்தன, இளையதம்பி கையைக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன ஐயா, ஒரு கிடுகு செருகப் போறியளோ, முழுக் கூரையும் வரட்டுமன், பாத்துக்கொண்டிருப்பம் என்றார். சபை சிரித்தது. நான் எழுந்து நின்று பிழை என்னுடையது என்று சொன்னேன், அதைக் கூட்டக் குறிப்பில் பதியும்படியும் சொன்னேன். அது காணும், வேறை வேண்டாம் என்று இளையதம்பி கையை உயர்த்தினார். விலக்கும் அன்றே நிறைவேறியது.

கடந்த திங்கட்கிழமை கொட்டும் மழையில், அச்சு முட்டும் வெள்ளத்தில், சிவனேஸ்வரி அந்த வண்டிலிலேயே போனாள். நடராசா மறிக்கவில்லை, பின்னால் நின்று தள்ளிவிட்டார். பெண் குழந்தை, இருவரும் சுகம். நேற்று இளையதம்பி வந்து, என்ரை பெட்டை சுகம் ஐயா, ஆனால் ஆசுப்பத்திரியிலை கட்டில் இல்லை, விறாந்தையிலை பாயிலைதான் கிடக்கிறாள், ஈரம் ஏறுது, உங்கட பிளானிலை இருவது கட்டில் எண்டியளே, ஒண்டு முந்தி வராதோ என்று கேட்டார். கிடுகு செருகியதால் கூரை தேவையில்லை என்றாகிவிடவில்லை என்பதில் நான் இன்னும் உறுதியாயிருக்கிறேன், கொழும்புக்கு இன்று ஏழாவது நினைவூட்டலும் அனுப்பினேன். அதோடு உன் அறையிலிருந்த கட்டிலையும் கழற்றி அவருடைய வண்டிலில் ஏற்றி அனுப்பிவிட்டேன். வெளியார் கட்டிலை உள்ளே விட ஆசுப்பத்திரி விதி இடங்கொடுக்குமோ தெரியாது. நான் கேட்கவில்லை.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, நிறையக் குடி, இது அனுபவத்தில் எழுதுவது. உன் கையால் தொடும் நோயாளர் யாவரும் எழுந்து நடக்கவும், நீ நெடுங்காலம் நலமாக வாழவும் அம்மாவும் நானும் வேண்டி ஆசீர்வதிக்கிறோம். தைப்பொங்கலுக்கு வரும்போது மறவாமல் நல்ல பாயொன்று வாங்கி வா.

இங்ஙனம்,
உன் அப்பா,
வே. கதிர்காமநாதன்